ஆலிஸ் நீல்: கோடு போட்ட நாற்காலி

ஆலிஸ் நீலைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பட்ட துயரங்களின் ஜாபிதாவோடுதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் குழந்தை 1927-இல் டிஃப்தீரியாவில் போயிற்று. இரண்டாவதைக் கணவர் 1930-இல் கியூபாவுக்குக் கொண்டுபோய்விட்டார். 1934-இல் கூட வாழ்ந்தவன் படங்களை எரித்தான். வாஸ்தவம். ஆனால் துயரப்பட்டவர்கள் எல்லோரும் இப்படி வரைந்துவிடவில்லை.

1970-இல் வரைந்த ஆண்டி வார்ஹோலை நான் முன்னே வைப்பேன். 1968-இல் சுடப்பட்டுப் பிழைத்தவர். சட்டையில்லாத மேலுடம்பு, அறுவைத் தழும்புகள், வயிற்றைப் பிடித்து நிற்கும் கச்சை, மூடிய கண்கள். பிரபலங்களின் முகங்களை அச்சடித்துத் தள்ளியவருக்கு இங்கே உடம்பு வந்துவிடுகிறது. சோபா வெறும் கோடாகவே நிற்கிறது. முடியாமல் விட்டதல்ல; அங்கே அவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை. (நான் பார்த்தது அச்சுப் பிரதியைத்தான்.)

இது குரூரம் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அடுத்தவரை இப்படி உரிக்கிறவர் தன்னை என்ன செய்வார்? 1980-இல், எண்பது வயதில் முடித்த சுயசித்திரத்தைப் பிறகுதான் பார்த்தேன். மற்றவர்களை உட்கார வைத்த அதே நீலக்கோட்டு நாற்காலி. தொய்ந்த மார்பு, சரிந்த வயிறு, கையில் தூரிகையும் துணியும். உடம்பில் மூக்குக்கண்ணாடி தவிர வேறெதுவுமில்லை. கன்னங்கள் மட்டும் சிவந்திருக்கின்றன.

குரூரம் என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.