நகர்த்தித் திறத்தல்: ஓர் இடைமுகக் காப்புரிமையின் புதுமை குறித்த திறனாய்வு

பூட்டிய திரையில் தோன்றும் ஒரு படிமத்தை விரலால் நகர்த்தித் திறன்பேசியைத் திறக்கும் முறைக்கு ஆப்பிள் நிறுவனம் 2011 அக்டோபரில் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையின் எண் 8,046,721. அதன் முன்னுரிமை நாள் 2005 டிசம்பரைச் சார்ந்தது. இதன் புதுமையை ஏற்போரும் மறுப்போரும் பெரும்பாலும் ‘நகர்த்தித் திறத்தல்’ என்ற பெயரையே எடைபோடுகின்றனர். எடைபோடத்தக்கது பெயரன்று, உரிமைக்கோரலின் சொற்களே.

வழக்கில் முன்வைக்கப்பட்ட எட்டாம் கோரல் கேட்பது இவ்வளவே: குறித்த இடத்தில் ஒரு படிமம் இருத்தல்; தொடுகை விலகாத வரை அது விரலைப் பின்தொடர்தல்; குறித்த பகுதியை அடைந்ததும் கருவி திறத்தல்; நகர்த்த வேண்டிய திசையைக் காட்டும் குறிப்பு திரையில் தோன்றுதல்.

சுவீடனின் நியோனோட் நிறுவனம் வெளியிட்ட என்1 கைப்பேசியின் கையேடு, வலப்புறம் விரலை வீசித் திறக்குமாறு முன்பே பணித்திருந்தது. அவ்வறிவுறுத்தல் திரையிலும் எழுத்தாகத் தோன்றியது. ஆயின் அங்கு விரலோடு நகரும் படிமம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் பிளைசான், டேனியல் வாலஸ் ஆகியோரின் 1992ஆம் ஆண்டு ஆய்வு. சுவரில் பொருத்தும் தொடுதிரையில் வீட்டுக் கருவிகளை இயக்கும் விசைகளை ஒப்பிட்ட அவ்வாய்வில், விரலால் இழுத்து நகர்த்தும் விசையும் ஒன்று. இழுக்கும் அசைவு தவறுதலாக நிகழும் வாய்ப்புக் குறைவு என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி தானே இயங்கிவிடும் சிக்கலுக்கான விடையின் சாரம் இதுவே.

இம்முறை துறையறிந்தவர்க்கு எளிது என 2012இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றமும் 2015இல் செருமானியக் கூட்டாட்சி நீதிமன்றமும் ஐரோப்பியக் காப்புரிமையைச் செல்லாதாக்கின. அமெரிக்காவில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2016 பிப்ரவரியில் இதே முடிவுக்கு வந்தது. அக்டோபரில் முழு அமர்வு எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றி, சாம்சங்குக்கு எதிரான 11.96 கோடி டாலர் தீர்ப்பை மீட்டது. அத்தொகை வேறு காப்புரிமைகளையும் உள்ளடக்கியது.

முழு அமர்வின் தீர்ப்பைப் புதுமைக்கான சான்றிதழாக வாசிப்பது பிழை. நடுவர் குழுவின் முடிவுக்குப் போதிய சான்று இருந்ததா என்பதே அங்கு எழுந்த வினா. சான்றுகளாக ஏற்கப்பட்டவற்றுள் 2007 அறிமுக விழாவின் கரவொலியும் சாம்சங்கின் உள் ஆவணங்களும் அடங்கும். கரவொலி கருவியின் ஈர்ப்பைக் காட்டும். இணைப்பின் அரிமையைக் காட்டாது. உள் ஆவணங்கள் சற்று வலுவானவை: தம் சொந்த முறையைவிட ஆப்பிளின் முறை தெளிவானது எனப் போட்டியாளரே ஒப்பினர். இதை எளிதில் தள்ள இயலாது. எனினும் தெளிவும் கண்டுபிடிப்பும் ஒன்றல்ல. நன்றாகச் செய்யப்பட்டது என்பதாலேயே பிறர்க்குத் தோன்றாதது என்றாகிவிடாது.

பிளைசான் ஆய்வில் பயனர்கள் நகர்த்தும் விசையைவிட அழுத்தும் விசையையே விரும்பினர். ஆதலின் அது எதிர்த்திசையைக் கற்பிக்கிறது என்பது ஆப்பிள் தரப்பின் வாதம். விளக்கை ஏற்றுவதில் காட்டிய விருப்பம் பூட்டைத் திறப்பதற்குப் பொருந்துமா? விளக்கு விசைக்கு விரைவு வேண்டும். பூட்டுக்குத் தயக்கம் வேண்டும். இவ்வேறுபாட்டை அவ்வாதம் கருத்தில் கொள்ளவில்லை.

எளிதென்றால் 1992 முதல் 2005 வரை ஏன் எவரும் செய்யவில்லை என்ற கேள்வி நியாயமானது. விசைப்பலகையற்ற, விரலால் இயக்கும் கைப்பேசிகளே அக்காலத்தில் அரிது. தேவை நெடுங்காலம் நிலவியதாகக் கூற இடமில்லை.

எஞ்சுவது விரலைப் பின்தொடரும் படிமமும் திசைக்குறிப்பும் சேர்ந்து கற்றுக்கொடாமலே கற்பிக்கும் நேர்த்தி. அது மெய்யான ஆக்கம். ஆயினும் வடிவமைப்பு உரிமைக்கே பொருந்துவது, ஒரு கையசைவின் மீது இருபதாண்டுத் தனியுரிமைக்கு அன்று. முழு அமர்வின் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பே, ஐஓஎஸ் 10 வெளியீட்டில் ஆப்பிள் தானே இம்முறையைக் கைவிட்டிருந்தது. 2017 நவம்பரில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சாம்சங்கின் மனுவை ஏற்க மறுத்ததால், கரவொலியைச் சான்றாகக் கொள்ளும் அளவுகோல் மறுபரிசீலனையின்றி நிற்கிறது.