பயிற்சிக்கு வராதவனின் விசுவாசம்

டோவோ 112, செய்ரின் 55. ஸ்கோரை மட்டும் பார்த்தால் டோவோ அகாடமி அன்று ஓர் உடம்பாக ஆடியிருக்கிறது என்றுதான் நினைப்போம். ஆனால் அந்த அணியின் நட்சத்திரம் அரங்கத்துக்குள் வந்து சேர்ந்ததே இரண்டாவது குவார்ட்டர் முடியப்போகும் நேரத்தில்தான். டோக்கியோ இறுதி லீக் ஆட்டத்துக்கு இப்படிச் சாவகாசமாக வந்தவனைப் பார்த்து சக ஆட்டக்காரர்களுக்கு ஆச்சரியமே இல்லை. பயிற்சிக்கே வராதவன், மேட்சுக்காவது வந்தானே என்ற நிம்மதிதான்.

ஆவோமினே டைகி. ஃபுஜிமாகி தடதோஷி எழுதி வரைந்து, 2008 டிசம்பர் முதல் 2014 செப்டம்பர் வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடராக வந்த 'குரோகோ நோ பாஸ்கெ' கதையின் முக்கியமான எதிராளி. புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் இதை 2012 முதல் 2015 வரை 75 எபிசோடுகளாக அனிமேவாக்கியது. ஆவோமினேவுக்குக் குரல் கொடுத்த சுவாபே ஜுனிச்சிதான் 'பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' தொடரில் அடோபேவுக்கும், 'புளூ லாக்'கில் பாரோவுக்கும் பேசியவர். ஆணவம் பிடித்த ஆட்டக்காரன் என்றாலே ஜப்பானில் இவரைத்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

ஆவோமினேவைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சி. சுத்த சுயநலக்காரன் என்பது ஒன்று. மனசளவில் நல்லவன், சூழ்நிலைதான் கெடுத்தது என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் அவனுக்குச் சலுகை காட்டுகிறார்கள். முதல் கட்சிக்காரர்கள் அவன் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. சுயநலம், விசுவாசம் இரண்டுமே அவனிடம் முழு அளவில் இருக்கின்றன. அந்த விசுவாசம் யாருக்கு என்பதுதான் கேள்வி. விடை அவன் பேச்சில் கிடைக்காது, களத்தில்தான் தேட வேண்டும்.

உயரம் 192 செ.மீ. ஆடும் இடம் பவர் ஃபார்வர்டு. ஆனால் அந்த இடத்துக்குரிய ஆட்டம் எதையும் ஆடமாட்டான். சின்ன வயதில் தெருக் கோர்ட்டுகளில் பெரியவர்களோடு மோதி வளர்ந்தவன். டிரிபிளில் தாளம் கிடையாது; நின்ற இடத்திலிருந்து சட்டென்று முழு வேகம், முழு வேகத்திலிருந்து சட்டென்று பூஜ்யம். பந்தை எறியும்போது முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று எந்தக் கோச்சும் சொல்லிக் கொடுக்காத கோணங்கள். உடம்பு பின்னால் மல்லாந்து கிடக்கும், பந்து கூடைக்குள் விழும். பலகைக்குப் பின்னாலிருந்து தூக்கி எறிந்துகூடப் போடுவான். (என்பிஏ-வில் இப்படிப் பலகைக்குப் பின்னாலிருந்து மேலாக வரும் பந்து அவுட். அங்கே நடுவர் விசில் ஊதியிருப்பார்.)

இந்த ஆட்டத்தில் பாஸுக்கு இடமே இல்லை. டோவோ அணியும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. கேப்டன் இமயோஷி தொடங்கி ஐந்து பேருமே தனித்தனியாகத் தாக்குபவர்கள்; எதிராளியைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்தால் போதும் என்பதே திட்டம். கோச் ஹராசாவா, மேட்சில் ஆடினால் சரி, பயிற்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஆவோமினேவை விட்டுவிட்டார். சென்டர் வகமட்சு மட்டும் இதை ஒருநாளும் ஏற்கவில்லை. முகத்துக்கு நேராகவே சண்டை போட்டான். அந்த அணியில் எனக்குப் பிடித்த ஆள் வகமட்சுதான். தினமும் வியர்வை சிந்துகிறவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு.

இவன் ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை. டெய்கோ நடுநிலைப் பள்ளியில் ராத்திரி வரை பயிற்சி செய்தவன். மூன்றாம் நிலை அணியைத் தாண்ட முடியாத, கதையின் நாயகன் குரோகோ டெட்சுயாவை ஜிம்மில் தனியாகப் பார்த்துவிட்டு, கூடவே நின்று ஆடியவனும் இவன்தான். அந்த நட்பு இல்லையென்றால் குரோகோ, டெய்கோ அணியின் அகாஷி கண்ணில் பட்டிருக்கவே மாட்டான். பிறகு ஆவோமினேவின் திறமை எகிறியது. எதிரே நிற்பவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தொங்கவிட்டார்கள். இனோவே என்று ஒருவன். ஆவோமினே தனக்குச் சமமான போட்டியாக மதித்து, அடுத்த ஆண்டு மோதலாம் என்று காத்திருந்தவன். அடுத்த முறை பார்த்தபோது அவனும் பாதி ஆட்டத்திலேயே மனதை விட்டுவிட்டான். பயிற்சி செய்யச் செய்ய வித்தியாசம் கூடுகிறது, வித்தியாசம் கூடக் கூட ஆட ஆளில்லை; அப்புறம் எதற்குப் பயிற்சி? இதுதான் ஆவோமினேவின் கணக்கு. பதினான்கு வயதுப் பையனின் கணக்குதான், தப்பான கணக்குதான், ஆனால் புரிந்துகொள்ள முடிகிறது. தன்னை ஜெயிக்கத் தன்னால் மட்டுமே முடியும் என்று அவன் சொல்லித் திரிந்தது அதற்குப் பிறகு. அதைத் திமிர்ப் பேச்சாக மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது புலம்பலாகத்தான் கேட்கிறது.

புரிந்துகொள்ள முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. தேசிய இறுதிப் போட்டியில் டெய்கோ மோதியது மெய்கோ பள்ளியோடு. அந்த அணியில் ஆடிய ஒகிவாரா, குரோகோவின் பால்ய நண்பன். காயம்பட்டுக் கிடந்த குரோகோ, அவர்களோடு மனசு வைத்து ஆடுங்கள் என்று தன் அணியினரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தான். அவர்கள் ஆடியது என்ன? ஸ்கோர் பலகையில் ஒன்றுகளாக வரிசை கட்ட வேண்டும் என்று ஒரு விளையாட்டு. முடிவு 111-11. ஒகிவாரா கூடைப்பந்தையே விட்டான். இந்த அசிங்கத்தில் ஆவோமினேவுக்கும் பங்கு உண்டு. தன் போட்டியாளன் மனதை விட்டதால் உடைந்துபோனவன், இன்னோர் அணி முழுவதையும் மனம் விட வைத்தான். அவன் கணக்கில் இருக்கும் மிகப் பெரிய கறை இது. பின்னால் செய்த எந்த நல்லதும் இதைக் கழுவிவிடவில்லை.

இப்போது கைஜோ ஆட்டத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஆவோமினே யார் என்பது தெரிவது இங்கேதான். உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டியான இன்டர்ஹையின் கால் இறுதி, டோவோ எதிர் கைஜோ. எதிரே கிசே ரியோட்டா. டெய்கோவில் ஆவோமினேவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கித்தான் கூடைப்பந்துக்கே வந்தவன். எதிராளியின் ஆட்டத்தை அப்படியே நகலெடுப்பது அவன் வித்தை. அன்று அவன் ஆவோமினேவையே நகலெடுக்கத் துணிகிறான். அதற்கு முதலில் ஆவோமினேவை வியந்து பார்ப்பதை நிறுத்த வேண்டும், நிறுத்துகிறான். நாலாவது குவார்ட்டரில் இரண்டு ஆவோமினேக்கள் மோதுகிறார்கள். அசல் ஆவோமினேவுக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. இன்னொன்று என்றால் வெளியே போக வேண்டியதுதான்.

நான்கு ஃபவுலோடு நிற்கும் எந்த ஆட்டக்காரனும் டிஃபென்ஸில் கையைச் சுருக்கிக்கொள்வான். ஆவோமினே சுருக்கவில்லை, முன்பைவிட நெருங்கி வந்தான். கைஜோ துரத்திக்கொண்டிருக்கும் கட்டத்தில் கிசே குதிக்கிறான். கூடைக்குப் போவது போலக் காட்டிவிட்டு, பந்தைக் கேப்டன் கசமட்சுவுக்குத் தள்ளப் பார்க்கிறான். ஆவோமினேவின் கை அங்கே இருக்கிறது. குதிப்பதற்கு முன்னால் கிசேயின் பார்வை ஒரு நொடி கசமட்சு பக்கம் போனதை அவன் பார்த்துவிட்டான். ஆவோமினேவின் ஆட்டத்தில் பாஸ் கிடையாது, அதனால் உண்மையான நகலுக்குப் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க வேண்டிய வேலையும் கிடையாது. சக வீரனை நம்பிய அந்த ஒரு கணத்தில் நகல் அம்பலமானது. டோவோ 110, கைஜோ 98.

தனி ஆளின் ஆட்டம் அணி ஆட்டத்தை வீழ்த்தியது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அதைவிட முக்கியமானது இறுதி விசிலுக்குப் பிறகு நடந்தது. கிசேயால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. ஆவோமினே கை கொடுக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, திரும்பி நடந்தான். ஜெயித்தவன் தோற்றவனிடம் சொல்ல எதுவும் இல்லை என்பது அவன் நிலை. கல் நெஞ்சக்காரன் என்று பலரும் சொன்ன காட்சி இது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: 55 புள்ளிகளில் மடக்கிய செய்ரினை அவன் கேலி பேசினான். கிசேயிடம் கேலி இல்லை. அன்று முழு ஆட்டத்தையும் அவன் முழுப் பலத்தோடு ஆடினான். அதுவே கிசேக்கு அவன் காட்டிய மரியாதை.

அந்த ஆட்டத்துக்கு விலையும் கொடுத்தான். முழங்கை ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த மொமோய் சட்சுகி, டோவோவின் மேலாளர், இதைக் கோச்சிடம் சொல்லிவிட, அரையிறுதியிலும் இறுதியிலும் அவனை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டோவோ இறுதியில் ரகுசானிடம் தோற்று இரண்டாம் இடம். ஆவோமினே என்ன செய்தான்? கோச்சை விட்டுவிட்டு மொமோயைத் திட்டித் தீர்த்தான். அவள் அழுதுகொண்டே குரோகோவிடம் போனாள். தன் உடம்பைப் பற்றித் தன்னைவிட அதிகம் கவலைப்பட்டவள் மேல் பாய்வது சுயநலத்தில் சேர்த்தியா, சிறுபிள்ளைத்தனத்தில் சேர்த்தியா என்று தெரியவில்லை. எதில் சேர்த்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம்.

அடுத்த தேசியப் போட்டியான வின்டர் கப்பின் முதல் சுற்றில் மறுபடி செய்ரின், குரோகோ இப்போது ஆடும் அணி. இந்த முறை ஆவோமினே முதல் நிமிடத்திலிருந்தே களத்தில். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கடைசி நிமிடங்களைத்தான் பேசுவார்கள்: செய்ரினின் காகாமி டைகா, முழுக் கவனமும் ஆட்டத்தில் குவியும் 'ஸோன்' நிலைக்குள் நுழைந்தது, குரோகோவின் பாஸ், காகாமி முடித்தது, 101-100. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய கட்டம். காகாமி நெருக்க நெருக்க, ஆவோமினேவின் முகம் மாறுகிறது. அலுப்புப் போய்ச் சிரிப்பு வருகிறது. ஸோனுக்குள் முதலில் போனவன் அவன்தான். இந்தக் கதையின் விதிப்படி அந்தக் கதவு திறமையால் மட்டும் திறக்காது; கூடைப்பந்தை உயிராக நேசிக்கிறவனுக்குத்தான் திறக்கும். பயிற்சிக்கு மட்டம் போட்டவன், மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தவன், நினைத்த நேரத்தில் அந்தக் கதவைத் திறக்கிறான். அத்தனை காலமும் ஆட்டத்தின் மேல் வெறுப்பு என்று அவன் காட்டிக்கொண்டது வெளிவேஷம் என்பதற்கு ஃபுஜிமாகி கொடுக்கும் சாட்சி இதுதான். குரோகோவுக்கு இது முன்பே தெரியும்.

தோற்றதும் அவன் அரற்றவில்லை. டெய்கோ காலத்தில் மோதாமல் விட்ட முஷ்டியை குரோகோ நீட்டினான், இவன் மோதினான். பிறகு மொமோயிடம், நாளைக்கு ஷூ வாங்கப் போகணும், கூட வா என்றான். பயிற்சிக்குத் திரும்பப் போகிறேன் என்பதை அவனால் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் இவனை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்க முடியாமல் செய்கிறது. யோசென் அணியை எதிர்கொள்ளும் முன்னால் குரோகோவுக்குச் சொந்தமாக ஒரு ஷாட் வேண்டியிருந்தது. தன்னை வெளியேற்றிய அணியின் ஆட்டக்காரனுக்கு இரவில் நின்று சொல்லிக் கொடுத்தது ஆவோமினே. காகாமியின் ஷூ கிழிந்தபோது அதே அளவுள்ள தன் ஷூவைக் கொடுத்தான். அதையும் சும்மா கொடுக்கவில்லை, ஒன்-ஆன்-ஒன் ஆட வைத்துத்தான் கொடுத்தான். கிசேயிடம் தோற்ற முன்னாள் டெய்கோ ஆட்டக்காரன் ஹைசாகி, அரங்கத்துக்கு வெளியே கிசேயை அடித்துக் காலை முறிக்கக் காத்திருந்தபோது, ஆவோமினே போய் நின்றான். பேசிப் பார்த்தான், கேட்கவில்லை, ஒரே குத்து. கிசேயும் குரோகோவும் மோத வேண்டிய அரையிறுதி கெட்டுவிடக் கூடாது என்பதே காரணம். அதில் அவன் ஆடப்போவதில்லை. டோவோ எப்போதோ வெளியேறிவிட்டது. வேறு இரண்டு பேர் ஆடப்போகும் ஒரு நல்ல மேட்சுக்காகக் கை நீட்டியிருக்கிறான். கை நீட்டியது சரி என்று நான் சொல்லமாட்டேன். பள்ளி ஆட்டக்காரன் தெருவில் இன்னொரு பள்ளி மாணவனைக் குத்துவது, காரணம் எதுவானாலும், பள்ளியின் பெயரைக் கெடுக்கும் செயல். அவனோ டோவோவின் பெயரைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

விசுவாசம் யாருக்கு என்று கேட்டதற்கு விடை இந்தக் குத்தில் இருக்கிறது. அணி, பள்ளி, கோச், ஒழுங்கு இவற்றுக்கெல்லாம் அவன் கடன்பட்டவன் இல்லை. எதிரே நின்று கடைசிவரை மோதுகிறவனுக்கும், அப்படி இரண்டு பேர் மோதும் ஆட்டத்துக்கும் மட்டும் கடன்பட்டவன். அப்படி மோதுகிறவன் இல்லாத நாட்களில் அவனிடம் மிஞ்சியது சுயநலம் மட்டுமே. 111-11 அந்த நாட்களில் நடந்தது. கைஜோ ஆட்டம் கிசே எதிர்த்து நின்றதால் நடந்தது.

என்னிடம் ஓர் அணியைக் கொடுத்துத் தேர்வு செய்யச் சொன்னால், முதல் ஐவரில் ஆவோமினே இருப்பான். கேப்டன் பொறுப்பு வகமட்சுவுக்கு. ஹராசாவா கொடுத்த சலுகை என்னிடம் கிடையாது: திங்கட்கிழமை பயிற்சிக்கு வராவிட்டால் சனிக்கிழமை பெஞ்ச்.