ஊமைப்படத் துண்டறிக்கையும் தமிழும்

தமிழ்த் திரைப்படத்தின் மொழி, 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தோடு தோன்றியது என்பது பெருவழக்காகிய கருத்து. பேசும்படம் என்னும் அளவில் அது பொருந்தும். ஆயின், அதற்கு முற்பட்ட கால் நூற்றாண்டினைச் சொல்லற்ற காலமாகக் கொள்ளுதல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதை அலுவலகத்தில் வரைவாளராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அமைத்துப் படங்காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை எழுப்பினார். மின்விசையால் இயங்கும் அச்சகமும் நிறுவினார். கொட்டகையும் அச்சகமும் ஒருவர் கையிலேயே அமைந்தமை கருதத்தக்கது. படச்செய்தி துண்டறிக்கையாய் அச்சேறிற்று. மேளம் முழங்க மாட்டுவண்டியில் தெருத்தெருவாய்ச் சென்றது.

சென்னை மாகாணத்தில் அந்நாளில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. அங்ஙனமாயின் அச்சிட்ட தாள் யாருக்குப் பயன்பட்டிருக்கும்? அறிந்தார் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்டற்கே அது பெரிதும் பயன்பட்டதென்று கொள்ளுதல் தகும். நாடக அறிக்கைகளின் வழிவந்த அடுக்கிய அடைமொழியும், திரும்பத் திரும்ப வரும் விளியும் கண்ணாற் படிப்பார்க்குக் குற்றமாய்த் தோன்றும். செவியாற் கேட்பார்க்கு அவையே நினைவிற் பதிவன. எனவே, இவ்வுரைநடையை நூல்நடையின் அளவுகோல் கொண்டு இகழ்தல் முறையன்று.

மணிமேகலையின் விழாவறை காதையில், யானைமேல் முரசேற்றி இந்திரவிழா அறிவிக்கப்படுவதை நாம் அறிவோம். முழக்கத்தால் மக்களைக் கூட்டிப் பின்னர்ச் செய்தி கூறும் முறை இரண்டிற்கும் பொது. வேற்றுமையும் உண்டு. முரசறைவோன் நகரத்தார்க்கு அவர்தம் கடமையை நினைவூட்டினான். துண்டறிக்கையோ நுழைவுச்சீட்டினை விற்றது. மிகைக்கூற்று அதன்கண் மலிந்தமைக்கு இதுவே காரணம். அம்மிகையை நாம் போற்ற வேண்டுவதில்லை. அதன் தோற்றத்தை உணர்ந்தாற் போதும்.

கொட்டகைக்குள்ளும் சொல் ஒழியவில்லை. நடராஜ முதலியார் 1917–18-இல் எடுத்த ‘கீசக வதம்’ படத்திலேயே தமிழ் எழுத்துரைகள் இடம்பெற்றன. அவற்றைப் படிக்கவியலாதார் பொருட்டுத் திரையருகே ஒருவர் நின்று கதை கூறினார். படச்சுருள் எங்கும் ஒன்றே. அதனை விளக்கிய பேச்சோ ஊருக்கு ஊர் வேறாகும்.

ஆகவே, 1931 திரைக்கு மொழியைத் தந்த ஆண்டு என்பதினும், ஊர்தோறும் வேறுபட்டு வழங்கிய மொழியை ஒருபடித்தாய் நிறுத்திய ஆண்டு என்பதே பொருந்தும். கதை கூறினாரின் பேச்சு காற்றோடு போயிற்று. ‘கீசக வதம்’ படச்சுருளும் அழிந்தது. எஞ்சுவது துண்டறிக்கையே. திரைப்பட வரலாற்றார்க்கு அது சான்று. நமக்கோ அது உரைநடை இலக்கியத்தின் ஒரு கூறு. கேட்டற்கென எழுந்த தமிழாகவே அதனைப் பயிலுதல் தமிழ்த்துறையின் கடன் என்று கருதுகின்றோம்.