முதல் பழுது எந்தப் பக்கத்தில்?

"ஃபிரேம்வொர்க் ரெண்டு வருஷத்துல மாறிடும், அதுக்குப் போய் ஐந்நூறு பக்கத்துல புத்தகமா? டாக்குமென்ட் இணையத்துல இருக்கு. மிச்சத்தை ஏஐ-கிட்ட கேட்டா போச்சு." மென்பொருள் கற்பிக்கும் இடங்களில் இன்று இதை மறுத்துப் பேச ஆளில்லை. இந்தப் பேச்சுக்கு ஒரு தம்பியும் உண்டு: வாங்கினால் கடைசிப் பதிப்பை வாங்கு, பழையதெல்லாம் எடைக்குப் போடு. இரண்டும் நூலைப் பதிப்பு எண்ணை வைத்தே எடைபோடுகின்றன. மற்றத் துறைகளில் இது எப்படியோ, ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொரு கணினியில் ஓடும் நிரலோடு பேசுவதற்கான சட்டகங்களைக் கற்பிக்கும் நூல்களைப் பொறுத்தவரை இது முழுத் தவறு. ஆர்பிசி, கோர்பா, டபிள்யூசிஎஃப், ஜிஆர்பிசி என்று பெயர்கள் வந்து போயின. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் போனால் என்ன செய்வது என்ற சிக்கல் நாற்பது ஆண்டுகளாக அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே என் அளவுகோல் எளியது. நூலைத் திறந்து, எதிர்முனைக் கணினி முதன்முதலாக எந்தப் பக்கத்தில் சாகிறது என்று பார்ப்பேன். முதல் எடுத்துக்காட்டோடே செத்தால் நல்ல நூல். பதினைந்தாம் அத்தியாயத்தில் 'மேம்பட்ட தலைப்புகள்' என்ற பெயரில் செத்தால் சந்தேகத்துக்குரியது. கடைசிவரை சாகவே இல்லையென்றால் அது விளம்பரக் கையேடு.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பிரெலும் நெல்சனும் 1984-இல் தொலைநிலை அழைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை எல்லாவற்றுக்கும் தாய். தூரத்துக் கணினியில் உள்ள செயல்கூற்றை வீட்டுக்குள் இருப்பதுபோலவே அழைக்கலாம் என்பது அதன் கனவு. பழுது நேரும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மறைத்தவர்கள் பின்னால் வந்த வியாபாரிகள். பத்தாண்டு கழித்து, 1994-இல், சன் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் உடன் பணியாற்றிய மூவரும் எழுதிய குறிப்பு கனவைக் கலைத்தது. அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றல்ல, ஒன்றுபோல் காட்டும் சட்டகம் நிரலரை ஏமாற்றுகிறது என்றது. வலையமைப்பு நம்பகமானது, தாமதமே இல்லாதது என்பன போன்ற மூடநம்பிக்கைகளைப் பீட்டர் டாய்ச் பட்டியலிட்டதும் அதே சன்னில், அதே காலத்தில்தான். கொள்கை அளவில் சொல்லவேண்டியதெல்லாம் 1994-லேயே சொல்லி முடிந்துவிட்டது.

அதை நூலாக்கிக் காட்டியவர் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். அவருடைய 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' 1990-இல் வந்தது. 1998-இல் இரண்டாம் பதிப்பின் முதல் தொகுதி வந்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தைப் போல ஒரு பாடம் இந்தத் துறையில் பிறகு எழுதப்படவில்லை. அனுப்பிய வரியை அப்படியே திருப்பி அனுப்பும் சிறு சர்வர், அதோடு பேசும் சிறு கிளையன்ட், அவ்வளவுதான் நிரல். எழுதி முடித்த கையோடு ஸ்டீவன்ஸ் அதைக் கொல்லத் தொடங்குகிறார். சர்வர் நிரல் மட்டும் செத்தால் என்ன? அது ஓடும் கணினியே செத்தால் என்ன? செத்து மறுபடி எழுந்தால் என்ன? முறைப்படி அணைத்தால் என்ன? ஒவ்வொன்றிலும் கம்பி வழியே என்ன போகிறது, எந்தப் பிழை எப்போது திரும்புகிறது என்று பொறுமையாகக் காட்டுகிறார். தம் நூல்களைத் தாமே அச்சுக்கோத்தவர். 1999-இல் நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். அவர் நிரல்களில் சில வரிகள் இன்று பழசாகியிருக்கலாம். அந்த நான்கு கேள்விகளும் பழசாகவில்லை.

அடுத்த பத்தாண்டு இந்தத் துறையின் இருண்ட காலம் என்றே சொல்வேன். 1991-இல் முதல் பதிப்பு கண்ட கோர்பாவுக்கு 1999-இல் மிச்சி ஹென்னிங்கும் ஸ்டீவ் வினோஸ்கியும் ஆயிரம் பக்கம் தாண்டிய நூல் எழுதினார்கள். துல்லியமான, நேர்மையான, களைப்பூட்டும் நூல். எந்த நினைவகத்தை யார் விடுவிப்பது என்ற விதிகளுக்கே அதில் எவ்வளவு இடம்! அதே ஹென்னிங் 2006-இல் கோர்பாவின் எழுச்சி வீழ்ச்சி பற்றி ஓர் இரங்கல் கட்டுரை எழுதினார். நூலையும் கட்டுரையையும் அடுத்தடுத்துப் படிப்பது ஒரு கல்வி: கட்டுரையின் வெளிப்படைத்தன்மையில் பாதி நூலில் இருந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள். மைக்ரோசாஃப்டின் காம் தொழில்நுட்பத்துக்கு டான் பாக்ஸ் எழுதிய 'எசென்ஷியல் காம்' (1998) முதல் அத்தியாயத்துக்காகவே வாழும். ஒரு தொழில்நுட்பம் ஏன் இப்படி உருவெடுத்தது என்பதைப் படிப்படியாகத் தருவிக்கும் அழகு அதில் உண்டு. பிற்பாடு பாக்ஸ் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, 'இண்டிகோ' என்ற செல்லப்பெயரில் வளர்ந்த சட்டகத்தில் பணியாற்றினார். 2006 நவம்பரில் டாட்நெட் 3.0-வோடு வெளிவந்த டபிள்யூசிஎஃப் அதுதான்.

டபிள்யூசிஎஃப் நூல்களே என் வழக்கின் மையம். பதிப்பை நம்பி நூல் வாங்கிய ஒரு தலைமுறை அங்கேதான் ஏமாந்தது. முகவரி, பிணைப்பு, ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் 'ஏபிசி' என்று மனப்பாடம் செய்து, சென்னையிலும் பெங்களூரிலும் நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! மிஷல் லெரூ புஸ்டமான்டேயின் 'லேர்னிங் டபிள்யூசிஎஃப்' (2007) நல்ல ஆசிரியையின் நூல்; கைபிடித்துக் கூட்டிச்செல்லும். யூவல் லோவியின் 'புரோகிராமிங் டபிள்யூசிஎஃப் சர்வீசஸ்' அதே ஆண்டு வந்து 2015-இல் நான்காம் பதிப்பு வரை போனது. ஒவ்வொரு வகுப்பையுமே சேவையாக எழுதலாம் என்று வாதிடும் அளவுக்குத் தன் கருவியில் மயங்கிய நூல் அது. பழுதுகளுக்கு ஆறாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். ஆனாலும் பரிவர்த்தனை பற்றிய ஏழாம் அத்தியாயமும், எதிர்முனை இல்லாதபோதும் வேலை நடக்க வழிசெய்யும் வரிசைச் சேவைகள் பற்றிய ஒன்பதாம் அத்தியாயமும் சட்டகம் செத்த பிறகும் படிக்கத் தக்கவை. லோவியின் ஆணவத்தை மன்னிக்க அவை போதும்.

மற்ற டபிள்யூசிஎஃப் நூல்களை எடைபோட இரண்டு சோதனைகள் போதும். செய்தியின் அளவுக்கு இயல்பாக இருக்கும் 65,536 பைட் வரம்பை நூல் எங்கே சொல்கிறது? கிளையன்டை 'யூஸிங்' தொகுதிக்குள் வைத்தால், மூடும்போது எழும் பிழை உண்மையான பிழையை விழுங்கிவிடும் என்று எச்சரிக்கிறதா? வேலைக்குச் சேர்ந்தவர் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர்கள் இவை. திரைப்பிடிப்பு திரைப்பிடிப்பாக 'நெக்ஸ்ட்' பொத்தானைக் காட்டும் நூல்களில் இவற்றைத் தேடித்தான் எடுக்கவேண்டும். 2019-இல் மைக்ரோசாஃப்ட், டபிள்யூசிஎஃபின் சர்வர் பக்கத்தைப் புதிய டாட்நெட்டுக்குக் கொண்டுவரமாட்டோம் என்று சொல்லி ஜிஆர்பிசி பக்கம் கைகாட்டியது. தனிக்குழுவாகச் சேர்ந்தவர்கள் கோர்டபிள்யூசிஎஃப் என்ற பெயரில் 2022-இல் அதை மீட்டார்கள். அதற்குள் பொத்தான் புத்தகங்கள் பெங்களூர் அவென்யூ ரோட்டில் எடைக்குப் போயிருந்தன. பழுதைப் பேசிய பக்கங்கள் மட்டும் பயனோடு மிஞ்சின.

நம் வகுப்பறைகள் என்ன செய்தன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் 'சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்' ஒரு பாடம். அதற்குத் தாமஸ் எர்லின் தடித்த நூல்: பெட்டிகள், அம்புக்குறிகள், கொள்கைகள், மறுபடி பெட்டிகள். அதைப் படிக்க முடியாத மாணவர் 'லோக்கல் ஆத்தர்' புத்தகத்துக்குப் போனார். 'டூ மார்க்' கேள்விகளோடு கரையேறினார். சேவை என்றால் என்ன என்று நான்கு வரி எழுதத் தெரிந்தவருக்கு, பதில் வராத சேவையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது அநியாயம். பாடத்திட்டமே எர்லைத்தான் விரும்பியது, ஸ்டீவன்ஸை விரும்பவில்லை.

வெளிச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. மைக்கேல் நைகார்டின் 'ரிலீஸ் இட்!' (2007) எந்தச் சட்டகத்தையும் கற்பிப்பதில்லை. கவனிக்காமல் விட்ட ஒரேயொரு தரவுத்தளப் பிழை ஒரு விமான நிறுவனத்தையே முடக்கிப்போட்ட கதையோடு தொடங்குகிறது. டைம்அவுட்டும் 'சர்க்யூட் பிரேக்கரும்' அன்றாடப் பேச்சானதில் அந்த நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. நிரல்களுக்கிடையே செய்தி அனுப்ப உதவும் ஜீரோஎம்க்யூவுக்குப் பீட்டர் ஹின்ட்ஜென்ஸ் 2013-இல் நூலாக்கிய வழிகாட்டி இன்னொரு மாணிக்கம். சோம்பேறிக் கடற்கொள்ளையன், சந்தேகப் பிராணிக் கடற்கொள்ளையன் என்று குறும்புப் பெயர் சூட்டிய முறைகளால், பதில் வராதபோது மறுபடி கேட்பது எப்படி, எத்தனை முறை கேட்பது, எப்போது கைவிடுவது என்று ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்லித்தருகிறார். மார்ட்டின் கிளெப்மன்னின் 2017 நூலின் எட்டாம் அத்தியாயம் இந்த மரபின் பேராசிரியர் உரை. மூவருமே வால்டோவின் பேரப்பிள்ளைகள்.

நமக்கு மிக அருகில், கொழும்பில், இந்தத் துறையே ஒரு தொழிலாக வளர்ந்தது. வலைச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் மொழியை வகுத்தவர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவாரண, 2005-இல் நண்பர்களோடு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பணியாற்றிய கசுன் இந்திரசிறியும் தனேஷ் குருப்புவும் எழுதிய 'ஜிஆர்பிசி: அப் அண்ட் ரன்னிங்' 2020-இல் ஓரெய்லி வெளியீடாக வந்தது. சுருக்கமான, ஒழுங்கான நூல். ஜிஆர்பிசியில் காலக்கெடு தானாக அமையாது. நாம் வைக்காவிட்டால் கிளையன்ட் முடிவின்றிக் காத்திருக்கக்கூடும். உயிர்நாடியான இந்தச் செய்தி அதில் ஐந்தாம் அத்தியாயத்துக்குத்தான் வருகிறது. அது ஒன்றே என் குறை. அதிகாரபூர்வ ஆவணத்திலும் இது தனிப்பக்கமாக இருக்கிறது. 'ஆவணம் போதும்' என்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் காலக்கெடு என்று ஒன்று உண்டு என்றே அறியாத மாணவர் அந்தப் பக்கத்தை ஏன் தேடப்போகிறார்? ஏஐ-யும் பெரும்பாலும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். கேட்கத் தோன்றாத கேள்வியை எழுப்புவது நல்ல நூலின் வேலை.

தமிழுக்கு வருவோம். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும், அதைச் சார்ந்து வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையும் செய்தது பெரும்பணி. மைஎஸ்கியூஎல், எச்டிஎம்எல், எந்திரக் கற்றல் என்று யாரும் காசில்லாமல் தரவிறக்கிப் படிக்கக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்கள் செய்யாததைச் செய்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' பாடநூலில் வலையமைப்பும் மின்னணுத் தரவுப் பரிமாற்றமும்கூட உண்டு. ஆனால் அங்கே அடுக்குகளுக்குப் பெயர் இருக்கிறது, விதிமுறைகளுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு செய்தி வழியில் தொலைவது இல்லை. இரண்டு நிரல்கள் பேசிக்கொள்வதையும் பேச்சு முறிவதையும் மையமாகக் கொண்ட தமிழ் நூலின் இடம் காலியாகவே கிடக்கிறது.

அந்த நூலுக்கான களம் தமிழ்நாட்டிலேயே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. தொப்பூர் கணவாய்க்கு அருகே, தேசிய நெடுஞ்சாலை 44-இல், பாளையம் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். லாரி வருகிறது, கருவி டேக்கைப் படிக்கிறது, சாவடிக் கணினி தன்னிடமுள்ள முடக்கப்பட்ட டேக்குகளின் பட்டியலைப் பார்க்கிறது, தடுப்பு திறக்கிறது. செய்தி சாவடிக்குரிய வங்கிக்கும், அங்கிருந்து தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ-யின் சுவிட்சுக்கும், அங்கிருந்து டேக் கொடுத்த வங்கிக்கும் போகிறது. லாரி அதற்குள் சேலம் நோக்கிக் கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கும். இணைப்பு அறுந்தால்? சாவடி மறுபடி அனுப்பவேண்டும். முதல் செய்தி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருந்தால்? இரண்டாம் செய்திக்கும் பணம் பிடித்தால் லாரிக்காரர் இருமுறை கட்டியவர் ஆவார். அதனால்தான் ஒவ்வொரு கடப்புக்கும் தனி எண் வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் புதிதாகக் கணக்கில் எழுதக்கூடாது. சாவடியிலுள்ள பட்டியல் பழசாக இருந்தால்? 2025 பிப்ரவரி 17 முதல் நடப்புக்கு வந்த விதியில் இதற்கு நிமிடக் கணக்கே உண்டு: டேக் படிக்கப்பட்டதற்கு அறுபது நிமிடங்களுக்கு மேல் முன்பே முடங்கி, படித்த பத்து நிமிடம் கழித்தும் முடங்கியே இருந்தால் பரிவர்த்தனை மறுக்கப்படும். இரு வங்கிகளுக்கு இடையிலான தகராறைத் தீர்க்கவே இந்த ஏற்பாடு என்று நெடுஞ்சாலை ஆணையம் விளக்கியது. ஸ்டீவன்ஸின் கேள்விகளும் டாய்ச்சின் பட்டியலும் ஹின்ட்ஜென்ஸின் கடற்கொள்ளையர்களும் இந்த ஒரு சாவடிக்குள் அடக்கம்.

கணியத்தில் எழுதுபவர்களுக்கும், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும் சேலத்திலும் பாடம் நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இருநூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதுங்கள். நிறுவும் முறைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு ஆவணமும் ஏஐ-யும் போதும். ஜிஆர்பிசியோ வெறும் சாக்கெட்டோ, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவடி, ஒரு வங்கி, நடுவே ஒரு கம்பி. இருபதாம் பக்கத்துக்குள் கம்பியை அறுத்துவிடுங்கள். அந்த நூல் வரும்வரை, கையில் இருநூறு ரூபாயோடு பழைய புத்தகக் கடையில் நிற்கும் மாணவருக்கு என் தீர்ப்பு: பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ஸ்டீவன்ஸை வாங்குங்கள்.