மாளிகையின் வரலாறும் துறைமுகத்தின் வரலாறும்

அன்புவழிபுரத்திலிருந்து நகருக்குட் சென்று, டச்சுக்குடாவுக்கு அண்மையிலுள்ள கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலையை அண்மையிற் பார்வையிட்டோம். ஒல்லாந்தர் காலத்தில் கடற்படை ஆணையாளரின் மாளிகையாயிருந்த கட்டடம் புனரமைக்கப்பட்டு, 2013இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மாளிகை அழகியது; அதனை மறுப்பதற்கில்லை.

நூதனசாலையும் ஓர் எடுத்துரைப்பே. எனவே, எடுத்துரைப்பவர் யார் என்ற வினா இங்கும் பொருந்தும். வீடு அதிகாரியினுடையது, நூதனசாலையை நிருவகிப்பதும் கடற்படையே. அத்தகைய வீட்டினுள் நின்று நோக்குவோர்க்குத் துறைமுக வரலாறு கொடிகள் மாறிய வரலாறாகவே தோன்றும். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஓகஸ்டிற் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். கப்பல் பழுதுபார்த்தோரும் சுமை இறக்கியோரும் இவ்வரிசையில் எங்கு இடம்பெறுவர்?

இவ்விடத்துக் கோணேசர் கல்வெட்டு நினைவுக்கு வருகின்றது. கவிராச வரோதயர் பெயரால் வழங்கும் அந்நூல், தானத்தார், வரிப்பத்தார் முதலியோரின் கோயிற்கடமைகளை நிரைப்படுத்துகின்றது. அது உழைப்போரின் குரலன்று. அவர்தம் ஊழியத்தைத் தெய்வ ஆணையாக நிலைநிறுத்தும் நிலமானியக் கருத்துநிலையின் ஆவணமே. எனினும், ஊழியத்தைக் கட்டாயமாக்கும் பொருட்டேனும் அது ஊழியத்தைப் பெயர்சொல்லிக் குறிக்கவேண்டியிருந்தது. மாளிகைக்கு அத்தேவையும் இல்லை.

இஃது அழகியற் குறைபாடு மட்டுமன்று. 1957இல் பிரித்தானியர் கடற்படைத்தளத்தைக் கையளித்தமை தேசிய வெற்றியாகப் போற்றப்படுவது. தளம் மூடப்பட்டதால் 400இற்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்திற் குடியேற்ற அரசு முன்வைத்த திட்டமும், அதற்கெதிராக அங்கு கிளர்ந்த சினமும் 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் உடனடிப் பின்னணிகளுள் ஒன்றாயின. வர்க்கப் பிரச்சினையாய்த் தொடங்கியதொன்று இனப்பகைமையாக உருமாற்றப்பட்ட நிகழ்வு இது. கொடி இறக்கத்துடன் வரலாற்றை முடிப்போர்க்கு இத்தொடர்பு புலப்படாது.

மாளிகையினுள் நாம் தேடியது ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை; அது நம் கண்ணிற் படவில்லை. அத்தகைய சீட்டுகளும் நினைவுகளும் இந்நகரின் சிறிய வீடுகளிலேயே தேடப்படவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்கங்கள் அப்பணியைத் தாமதியாது மேற்கொள்ளல் வேண்டும். 1957இல் இருபது வயது இளைஞராய்த் தளத்திற் பணியாற்றியோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர்.