முன்னிலையில் பேசும் வரலாறு

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் பழம்பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. இதற்கு முற்றிலும் மாறான ஒன்றை 1891-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் தோற்றுவித்தார் ஆர்தர் ஹசேலியஸ். இயந்திரத் தொழில் பெருகப் பெருகச் சுவீடன் நாட்டுச் சிற்றூர் வாழ்வு மறைந்துவருவதைக் கண்டு வருந்திய அவர், பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து திறந்தவெளியில் மீண்டும் எழுப்பினார். மரபுடை அணிந்த மனிதரையும் அங்கே உலவச் செய்தார். ஸ்கான்சன் எனப்படும் அந்த இடமே இன்று பல நாடுகளில் உள்ள வாழும் வரலாற்று அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இப்பணியை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் 1970-இல் அமெரிக்காவின் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் என்னும் அருங்காட்சியகக் கிராமத்தில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். எருது பூட்டி உழுதல், திறந்த அடுப்பில் சமைத்தல், பழைய விதைகளையும் கால்நடை இனங்களையும் காத்தல் ஆகியவற்றை ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கின்றனர். ஏட்டில் எழுத முடியாத கையறிவை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் இவ்வுழைப்பு போற்றுதற்குரியது. ஆனால் கலப்பை பிடிக்கத் தெரிந்தால் மட்டும் கடந்த காலத்தைச் சொல்லிவிட முடியுமா? அந்த நிலம் யாருடையது, உழுதவன் யார், விளைச்சல் யாருக்குப் போயிற்று என்ற கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

வரலாற்றைச் சொல்வதற்கு இவர்கள் இரு வழிகளைக் கையாளுகின்றனர். நம் இலக்கணச் சொற்களாலேயே அவற்றைத் தன்மை, படர்க்கை எனலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் குடியேற்றத்தைக் காட்டும் அருங்காட்சியகத்தில் இரண்டையும் காணலாம். ஆங்கிலேயர் குடியிருப்பில் பணியாற்றுவோர், தாங்களே 17-ஆம் நூற்றாண்டு மனிதர் என்பதுபோல் "நான்" என்று பேசுவது நெடுநாளைய வழக்கம். பூர்வகுடியினரின் குடியிருப்பிலோ, அம்மக்களின் வழிவந்தோர் இன்றைய மனிதராகவே நின்று, தம் முன்னோரைப் பற்றி "அவர்கள்" என்று பேசுகின்றனர். முதல் வழியில் உயிர்த்துடிப்பு உண்டு. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குப் பின்விளைவு தெரியாது. இரண்டாம் வழியில் தெளிவு உண்டு. ஆனால் கேட்பவர் எட்டவே நின்றுவிடலாம். இரண்டிலும் பார்வையாளர் வெறும் பார்வையாளராகவே வீடு திரும்பக்கூடும் என்பதே என் குறை.

இக்குறை நீங்கிய ஒரு நாளை நான் அறிவேன். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய தலைநகரம், ராக்பெல்லரின் பொருளுதவியால் 1926 முதல் மீட்டெடுக்கப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் அவ்வூர் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். ஆயினும் மீட்கப்பட்ட ஊரில் மாளிகைகளும் கனவான்களுமே நெடுங்காலம் முன்னிறுத்தப்பட்டனர். அடிமைகளின் வாழ்வை நடித்துக் காட்டும் பணி 1979-இல்தான் தொடங்கியது. 1994 அக்டோபர் 10 அன்று, அப்பிரிவின் தலைவர் கிறிஸ்டி கோல்மன், தெருவிலேயே அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். அவரே ஏலம் விடப்படும் பெண்ணாக நின்றார்.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பினர் சிலரே அதை எதிர்த்தனர். தம் முன்னோரின் கண்ணீர் சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கையாகிவிடும் என அஞ்சினர். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. துன்பத்தை நாள்தோறும் மேடையேற்றினால் அது மரத்துப்போகும், நடிப்பவரையும் புண்படுத்தும். எனினும் நிகழ்ச்சியைக் கண்டபின், எதிர்த்தவர்களுள் ஒருவரான ஜாக் கிரேவ்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகக் கூறினார். கூடியிருந்தோர் கண்கலங்கினர்.

ஏன் அவ்வாறு நேர்ந்தது? அன்று திரண்ட கூட்டம், பழைய ஏலக் கூட்டம் நின்ற இடத்தில் நின்றது. 'இங்கே நின்றிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?' என்ற வினாவிலிருந்து எவரும் தப்ப இயலவில்லை. வரலாறு அன்று முன்னிலையில் பேசியது. தாவீது அரசருக்கு இறைவாக்கினர் நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னதும் இவ்வாறே அன்றோ! படர்க்கையில் கேட்டவரை அரசர் சினந்து தீர்ப்பு வழங்கினார். அந்த மனிதர் நீரே என்று முன்னிலைக்குத் திரும்பிய பிறகே அவர் உள்ளம் நொறுங்கியது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மேரிலாந்து மாநிலத்தின் புனித மரியா நகர். கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபுவின் முயற்சியால் 1634-இல் உருவான ஊர் அது. அங்கிருந்த செங்கல் ஆலயம் 1704-இல் ஆளுநரின் ஆணையால் பூட்டப்பட்டது. அகழ்ந்து கண்ட அடித்தளத்தின்மீது மீண்டும் எழுப்பப்பட்ட அவ்வாலயம் 2009-இல் அருங்காட்சியகத்தின் பகுதியாகத் திறக்கப்பட்டது. விசுவாசத்துக்காக நம் மக்கள் பட்ட பாட்டை அங்கே நினைவுகூர்வது தகும். ஆனால் அதே மேரிலாந்தில், இயேசு சபையினர் 1838-இல் தம் தோட்டங்களில் உழைத்த அடிமைகளில் 272 பேரை லூசியானாவுக்கு விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. 2017-இல் அக்கல்வி நிறுவனத்தில் நடந்த வழிபாட்டில் சபையினர் அம்மக்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்பு வேண்டினர். பூட்டிய கதவின் கதையை விரும்பிக் கேட்கும் கத்தோலிக்கர், இந்த விற்பனையின் கதையையும் கேட்டாக வேண்டும். ஒன்றில் நாம் துன்புற்றவர், மற்றதில் துன்புறுத்தியவர்.

முட்டுக்காட்டில் செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும் கேரளத்துக் கிறிஸ்தவ வீட்டின் மரவேலையையும் கண்டு நாம் வியக்கிறோம். வியப்பு தவறன்று. ஆனால் அத்தகைய வீடுகளின் முன்வாசல் யாருக்குத் திறந்திருந்தது, யார் கொல்லைப்புறமாக வந்துபோயினர் என்றும் நம்மை நாமே கேட்க வேண்டும். நம் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியின் பெயரால் இறைமக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரை என்றேனும் ஓர் அருங்காட்சியகம் மீண்டும் எழுப்பிக் காட்டுமானால், அதன் எப்பக்கத்தில் நாம் நிற்போம்?

திருப்பலியில் நாம் கொண்டாடும் நினைவு, பழையதை எண்ணி மகிழும் வெறும் நினைவன்று. அது நம்மை உள்ளிழுத்து மாற்றுவது. வாழும் வரலாறு என்னும் கலையையும் இந்த அளவுகோலால் அளப்பதே முறை. பழைய காலத்தை அழகாகக் காட்டுவது அதன் முதற்படி. ஆன்ம சோதனைக்கு நம்மை அழைக்கும்போதுதான் அது தன் பெயருக்குத் தகுதி பெறுகிறது.