'கிளையன்ட்' என்பவள் என் சின்னம்மை

சமூகப்பணிக் கல்வி பற்றி நம் ஆட்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். 'அது வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிற தொண்டு, கோபத்தை மழுங்கடிக்கிற வேலை' என்று தள்ளிவிடுவது ஒன்று. 'நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வேலை கிடைக்குது, விடுங்கப்பா' என்பது இன்னொன்று. இரண்டுமே பாடப்புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் சொல்வது. ஒரு நாவலை வாசிப்பது போல அந்தப் பாடத்திட்டத்தையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்க வேண்டும். அதில் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், எந்தச் சொல் அழிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நான் அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள். அதனால் இந்த விமர்சனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. அம்மையும் சின்னம்மையும் விடியுமுன் இருட்டோடு போய் உப்பு வாருவார்கள். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைப் பொசுக்கும். பாத்தியில் நின்று நின்று பாதம் வெடிக்கும். ஐப்பசி மழை பிடித்தால் வேலை கிடையாது; அந்த மூன்று மாதமும் முன்பணம்தான். வாங்கிய முன்பணம் அடுத்த வருசத்து உழைப்பைக் கட்டிப் போடும். நான் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போனது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு. பங்குச் சாமியார் கடிதம் கொடுத்தார். கட்டணத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். அந்த நன்றியை மறைக்கவில்லை. ஆனால் நன்றி வேறு, விமர்சனம் வேறு.

வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி. எனக்குக் கிடைத்த களம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு. தனிநபர் பணிக்கு, அதாவது 'கேஸ் ஒர்க்'குக்கு, ஒரு 'கிளையன்ட்' வேண்டும். நான் சின்னம்மையிடம் போனேன். வயசு, வருமானம், பிள்ளைகள், புருசன் குடிப்பாரா, தூக்கம் எப்படி என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். அவள் சிரித்தாள். "ஏளா, உனக்குத் தெரியாதாக்கும்? எங்கூட ஒரே பாயில படுத்தவதான நீ? இப்ப தாளப் பாத்துக் கேக்க."

பிறகு சொன்னாள். குடிதண்ணீர்க் குடத்தைக் கங்காணி தொட விடாததை, முன்பணக் கணக்கில் விரல் உருட்டினதை, வண்டிச் சத்தம் கேட்டால் ராத்திரி எழுந்து உட்காருவதை. அவள் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளை நொறுக்கி, அரபு நாட்டில் வேலை பார்த்து வாங்கிய சாமான்களை உடைத்து, கிணற்றைப் பாழாக்கியது நாடறிந்த கதை. சுற்றுவட்டாரத்துப் பெண்களின் தூக்கம் போனதும் அன்றைக்குத்தான். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிய ஆசிரியர் சிவப்பு மையில் குறித்தார்: 'உணர்ச்சி ஈடுபாடு அதிகம். சாதி பற்றிய பகுதி தேவையில்லை. கிளையன்ட்டின் பிரச்சினையை மட்டும் எழுதவும்.' நான் திருத்தி எழுதினேன். புருசனின் குடி, தன்னம்பிக்கைக் குறைவு, சேமிப்புப் பழக்கமின்மை என்று மூன்று பிரச்சினை கண்டுபிடித்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. 'எழுதுனதப் படிச்சுக் காட்டுளா' என்று சின்னம்மை கேட்டபோது படித்துக் காட்ட முடியவில்லை. நோட்டு காலேஜில் இருக்கு என்று பொய் சொன்னேன்.

இதை ஒரு ஆசிரியரின் குணக்கேடு என்று சொல்லிவிட்டால் விசயம் முடிந்து போகும். அவர் கெட்டவர் இல்லை. பிரதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. இன்றைக்கு டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று சொல்லப்படுகிற பள்ளிதான் முதல். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், ஒரு அமெரிக்க மிஷனரி. அதே 1936இல், அதே பம்பாயில், லாகூர் மாநாட்டுக்காரர்கள் பேச விடாமல் கைவிட்ட உரையை அம்பேத்கர் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. ஒரே ஊர், ஒரே வருசம். ஒன்று பாடத்திட்டமாயிற்று. மற்றது பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றது. 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளி வந்தது. பிறகு கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் துறைகள் வந்தன. ஆனால் நான் படித்த தாளில் அம்பேத்கர் 'சமூகச் சீர்திருத்தவாதிகள்' என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் குறிப்பு. அவருடைய சிந்தனையை வைத்து ஒரு கேஸை எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்டதில்லை. பிற்காலத்தில் மும்பை டாடா நிறுவனத்திலேயே தலித், பழங்குடிச் சமூகப்பணி என்று தனிப்பாடம் வந்ததென்றால், அது உள்ளே போன நம் ஆட்கள் சண்டை போட்டதால் வந்தது.

கவுன்சிலிங் தாளுக்கு வருவோம். எல்லாரும் மனப்பாடம் செய்கிற ஏழு கோட்பாடுகளை எழுதியவர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்கிற அமெரிக்க ஏசு சபைக் குருவானவர். புத்தகம் 1957இல் வந்தது. ஒவ்வொருவரையும் தனி ஆளாகப் பார், இருக்கிறபடி ஏற்றுக்கொள், தீர்ப்பிடாதே, ரகசியம் காப்பாற்று, அவரே முடிவெடுக்க விடு என்கிறார். இவை நல்லவை. நம்மைத் தீர்ப்பிட்டே பழகிய சமூகத்தில் 'தீர்ப்பிடாதே' என்பது பெரிய சொல். ஆனால் 'தனி ஆளாகப் பார்' என்பதும் 'கட்டுப்படுத்தப்பட்ட உணர்ச்சி ஈடுபாடு' என்பதும் நம் தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது? சாதி ஆளைத் தனியாகப் பிடித்து இழிவுபடுத்துவதில்லை, கூட்டமாக இழிவுபடுத்துகிறது. அந்தக் காயத்தைத் தனி ஆளின் மனசுக்குள் தேடினால் கிடைப்பது 'தன்னம்பிக்கைக் குறைவு' மட்டும்தான்.

இங்கேதான் பாமாவின் 'கருக்கு' (1992) எனக்கு உதவியது. அது இலக்கியத் துறையில் பாடம். சமூகப்பணித் துறையில் இல்லை. அதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி எல்லாருக்கும் தெரியும். சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு கோபமாகிறது. கவுன்சிலிங் வகுப்பில் 'உள்ளொளி' என்று சொல்வார்களே, அது இங்கே நடக்கிறது. ஆனால் நடத்தி வைப்பது நிபுணர் இல்லை, அதே வீட்டில் சோறு தின்கிற அண்ணன். அதன் முடிவும் மன அமைதி இல்லை, கோபம். பீஸ்டெக் கட்டுப்படுத்தச் சொல்கிற அந்த உணர்ச்சிதான் இங்கே அறிவாக மாறுகிறது. போலீஸ் புகுந்த நாட்களில் ஆம்பிளைகள் ஓடி ஒளிய, பொம்பளைகள் நின்று தாங்கியதையும் பாமா எழுதுகிறார். கன்னியர் மடத்துக்குள் போய், வெளியேறி வந்து, அதே திருச்சபையைக் கேள்வி கேட்கிறார். 'கருக்கு' ஒரு கேஸ் ஹிஸ்டரி. ஆனால் கிளையன்ட்டே எழுதிய கேஸ் ஹிஸ்டரி. எழுதுகிற அதிகாரம் கை மாறியதால் நோயின் பெயரும் மாறிவிட்டது.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) வேறு விதம். வெளியாளாகத் தூத்துக்குடிக்கு வந்து, உப்பளத் தொழிலாளர்களைப் பார்த்துக் கேட்டு எழுதிய நாவல். வெளியாள் என்கிற எல்லை அதற்கு உண்டு. ஆனாலும் உழைப்பையும் கூலியையும் தவிர்த்துவிட்டு மனசை மட்டும் எழுதவில்லை. எங்கள் துறையின் களப்பணி அறிக்கைகள் பலவற்றைவிட அதில் களம் இருக்கிறது.

மூன்றாவது, 'சமுதாய மேம்பாடு'. 1952 அக்டோபர் 2இல் அரசு இந்தப் பெயரில் திட்டம் தொடங்கியது. கிராமம் என்றால் ஒரு சமுதாயம் என்பது அதன் நம்பிக்கை. ஆனால் அதற்கு நாலு வருசம் முன்பே, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தக் கிராமப் புகழ்ச்சியை உடைத்திருந்தார். ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குப் பாடம் இல்லை, நடைபாதை. களப்பணியில் கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடச் சொன்னோம். ஊர்க்காரர்கள் கோயில், தேவாலயம், ரேசன் கடை, குளம் எல்லாம் போட்டார்கள். எங்கள் காலனியை யாரும் போடவில்லை. நாங்களும் அப்படியே தாளில் நகல் எடுத்தோம். 'பங்கேற்பு முறை' என்று தலைப்பும் எழுதினோம்.

சொல்லையே பாருங்கள். வகுப்பில் 'கம்யூனிட்டி' என்றால் ஒற்றுமையாக வாழும் மக்கள். தாலுகா ஆபீசில் 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்றால் சாதிச் சான்றிதழ். தாலுகா ஆபீஸ் உண்மையைச் சொல்கிறது. அந்தச் சான்றிதழிலும் நமக்கு ஒரு வெட்டு உண்டு. 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு மூடியே இருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் திறக்கச் சொல்லியும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அரசு 'நீ கிறிஸ்தவன்' என்கிறது, ஊர் 'நீ அதே சாதி' என்கிறது.

திருச்சபை என்ன சொல்கிறது? இந்தக் கடற்கரையில் அதற்கு நீண்ட வேர் உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாவசங்கீர்த்தனத்துக்கென்று 1580இல் தமிழில் ஒரு புத்தகமே அச்சிட்டார். 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' அச்சானது. மனசைத் திறந்து இன்னொருவரிடம் பேசுவது, கேட்பவர் ரகசியம் காப்பது என்கிற பழக்கம் இங்கே நானூறு வருசத்துக்கு மேல் பழையது. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது, 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது, பாவசங்கீர்த்தனம் மட்டும் தொடர்கிறது. அதில் 'என் பாவம்' என்று சொல்லத்தான் இடம் உண்டு, 'எனக்குச் செய்த பாவம்' என்று சொல்ல இடம் இல்லை. கவுன்சிலிங் அறையிலும் அதே நாற்காலியைத்தான் போட்டிருக்கிறார்கள். திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டதை என் அறிக்கையில் எழுதினால் ஏன் சிவப்பு மை?

தோழர்களே, கவுன்சிலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 மே 22இல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் சுட்டார்கள், 13 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தூங்காத வீடுகளில் உட்கார்ந்து கேட்க ஆள் தேவைப்பட்டது. கோசம் போடுகிற நாமும் அந்த வேலையை மதிக்கவில்லை. கேட்கத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் கேட்டதை வெட்டாமல் எழுதுகிறவராக இருக்க வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கை. 'சாதி ஒழிப்பு' சமூகப்பணியின் அடிப்படை நூலாக வகுப்புக்குள் வர வேண்டும். 'கருக்கு' கேஸ் ஒர்க் தாளில் பாடமாக வேண்டும். எழுதிய அறிக்கையை, அது யாரைப் பற்றியதோ அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே மதிப்பெண் போட வேண்டும். மூன்றாவதற்குக் காசு செலவில்லை. அதைத்தான் அவர்கள் ரொம்பவும் எதிர்ப்பார்கள்.

போன மழைக்காலத்தில், வேலையில்லாத ஒரு மத்தியானம், சின்னம்மைக்குக் 'கருக்கு' வாசித்துக் காட்டினேன். பொட்டலம் வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சத்தமில்லை. கடைசியில் கேட்டாள்: "இத ஒனக்குப் பாடமா வச்சாவளா?"

"இல்ல சின்னம்மை."

"அப்ப ரெண்டு வருசம் என்னத்தளா படிச்ச?"

என் பழைய நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதை அவளுக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.